சனாப்ரேஸ் பாதையில் இரவு தங்க இடம்: சாவி யாரிடம் என்று கேளுங்கள்

கேள்வி இதுதான்: மே மாதம் தனியாக, ஸ்பெயினின் சமோராவிலிருந்து யாத்திரைத் தலமான சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா வரை சனாப்ரேஸ் பாதையில் நடக்கத் திட்டம். அங்கே போகும் பாதைகளில் அதிகம் பேர் நடக்கும் பிரெஞ்சுப் பாதையின் கூட்டம் வேண்டாம். ஆனால் வழியில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். ஹோட்டல் பதிவு செய்யும் தளங்களில் தேடினால் பாதி ஊர்களுக்கு எதுவுமே வரவில்லை. ஸ்பானிஷ் தெரியாது, சைவம் வேறு. எல்லா இரவுகளுக்கும் முன்பதிவு செய்துவிட்டுப் போவதா, போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

இடம் இருக்கிறது, நீங்கள் தேடிய தளத்தில்தான் இல்லை. எல்லா இரவுகளுக்கும் முன்பதிவு செய்ய நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் பாதி இடங்களில் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. நாலைந்து இரவுகளை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, மற்றதை முந்தின நாள் ஒரு போன் பேசி முடித்துக்கொள்ளலாம். எந்த நாலைந்து இரவுகள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நிலவரம். 2024இல் சாந்தியாகோவில் பயணச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிரெஞ்சுப் பாதையில் வந்தவர்கள். செவீயாவிலிருந்து வடக்கே வரும் வெள்ளிப் பாதையில் வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த வெள்ளிப் பாதையின் கடைசிப் பகுதிதான் சனாப்ரேஸ். கிரான்ஹா தெ மொரெருவேலா என்ற ஊரில் மேற்கே திரும்பி, ஓரென்சே வழியாகப் போகிறது. சமோராவிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 400 கிலோமீட்டர். சமோரா மாகாணம் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, மொத்த மக்கள்தொகை 2 லட்சத்தைத் தொடாது. இளையவர்கள் மத்ரீதுக்கும் வயாதொலித்துக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருப்பது வயதானவர்களும் ஒரு பாரும் ஒரு தேவாலயமும்தான். பார் என்றதும் மதுக்கடை என்று நினைக்காதீர்கள். காலையில் காபி, மதியம் சாப்பாடு, மாலையில் சீட்டாட்டம், ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான். உங்கள் தங்குமிடப் பிரச்சினையில் முக்கால்வாசி அந்த பாரில் தீரும்.

யாத்ரீகர்கள் தங்கும் விடுதிக்கு ஆல்பெர்கே என்று பெயர். பிரெஞ்சுப் பாதையில் ஆல்பெர்கே என்றால் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சிற்றூர் ஆல்பெர்கே பெரும்பாலும் நகராட்சிக்கோ தேவாலயத்துக்கோ சொந்தமான ஒரு கட்டிடம். சில ஊர்களில் பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தையே இப்படி மாற்றியிருக்கிறார்கள். உள்ளே எட்டு, பத்து, இருபது கட்டில்கள். பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் 6 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் இருந்தால் அது கைபேசி, வாட்ஸ்அப் இருக்கும். 9 என்று தொடங்கினால் வீட்டு போன் அல்லது நகராட்சி அலுவலகம், மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். எண் எதுவும் இல்லை என்றால் நேரே பாருக்குப் போய்க் கேளுங்கள்:

"கியென் தியெனே லா யாவே தெல் ஆல்பெர்கே?" ஆல்பெர்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பாரில் இருப்பவர் கல்லாவுக்குக் கீழே கையை விட்டு சாவியை எடுத்து நீட்டலாம். அல்லது யாருக்கோ போன் போடுவார். கால் மணி நேரத்தில் வீட்டுச் செருப்போடு ஓர் அம்மா வந்து கதவைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, உங்கள் யாத்ரீகர் அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டு சாவியை எங்கே போடவேண்டும் என்பதை மட்டும் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த யாத்ரீகர் அட்டைக்குக் கிரெடென்சியால் என்று பெயர். அது இல்லாமல் இந்த விடுதிகளில் இடம் கிடையாது. சமோராவில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் கிளம்பும்போதே கையில் வைத்திருங்கள். கடைசி 100 கிலோமீட்டரில் நாளுக்கு இரண்டு முத்திரைகள் வேண்டும். சிற்றூர்களில் அதையும் பாரில்தான் குத்துவார்கள்.

சில இடங்களில் வாடகை என்று எதுவும் இருக்காது, ஓர் உண்டியல் மட்டும் இருக்கும். டொனாத்தீவோ என்று எழுதியிருக்கும். இதை இலவசம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, நம்மவர்களும் அதில் அடக்கம். வெந்நீர், மின்சாரம், காலைக் காபி எல்லாம் முந்தின நாள் தங்கியவர் போட்ட காசில் வருகிறது. பத்துப் பதினைந்து யூரோ போடுங்கள். இரவுச் சாப்பாடும் போட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். உண்டியல் காலியாகிக்கொண்டே வந்தால் அந்த விடுதி ஒருநாள் மூடிவிடும், அவ்வளவுதான்.

எங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க க்ரோன்சே என்ற ஸ்பானிஷ் இணையதளம் போதும். ஊர் வாரியாக ஆல்பெர்கே, கட்டில் எண்ணிக்கை, போன் எண், எந்த மாதங்களில் திறந்திருக்கும் என்பதெல்லாம் இருக்கும். உலாவியின் மொழிபெயர்ப்பில் படித்துவிடலாம். அச்சிட்ட வழிகாட்டியை நம்பாதீர்கள். இந்தப் பாதையில் ஒரு விடுதி நடத்துபவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வருடம் விடுதியே இருக்காது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒவ்வோர் ஊராகப் பார்த்து, போன் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலைப்பகுதியில் சிக்னல் போய்விடும். தாளில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: கட்டில் எந்த ஊரில், யாருக்குப் பேசவேண்டும், அங்கே இல்லை என்றால் அடுத்த கட்டில் எத்தனை கிலோமீட்டரில். மூன்றாவதுதான் முக்கியம். வழிகாட்டி பிரித்துவைத்த நாள் கணக்கை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. எல்லாரும் அதே கணக்கில் நடப்பதால்தான் ஓர் ஊரில் கட்டில் நிரம்பி, எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் அறை காலியாகக் கிடக்கிறது.

போன் பேச நல்ல நேரம் காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை, இல்லை என்றால் மாலை ஐந்துக்கு மேல். நடுவில் சாப்பாடும் தூக்கமும். ஸ்பானிஷில் பேசுவதைவிட வாட்ஸ்அப்பில் எழுதுவது உங்களுக்கு எளிது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, "நான் யாத்ரீகர், ஒருவர், நாளை 14ஆம் தேதி நடந்து வருகிறேன், மாலை நான்கு மணி போல வந்துவிடுவேன், ஒரு கட்டில் கிடைக்குமா?" என்று அனுப்புங்கள். தேதியை எழுதுங்கள், வெறும் "நாளை" போதாது, ஏனென்றால் பதில் மறுநாள் கூட வரும். வர முடியாவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்களால்தான் சில விடுதிக்காரர்கள் யாத்ரீகர்களின் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

இனி வழியோடு போவோம்.

சமோராவில் நகராட்சி ஆல்பெர்கே பழைய நகரத்துக்குள், சான் சிப்ரியானோ தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், உண்டியல்தான். மே மாதம் பிரச்சினை இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் மட்டும் சமோராவில் தொடங்காதீர்கள். அந்த வாரத்து ஊர்வலங்களுக்குப் பேர்போன ஊர் அது, அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது.

இன்னொன்று. ஏப்ரலில் செவீயாவில் கிளம்புகிறவர்கள் மூன்றரை, நான்கு வாரம் நடந்து மே முதல் பாதியில் சமோராவுக்கு வந்துசேர்வார்கள். நீங்கள் அந்த அலையோடு கலந்துவிடுவீர்கள். பிரெஞ்சுப் பாதைக்காரர்கள் இதைக் கூட்டம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் பத்துக் கட்டில் உள்ள ஊரில் பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு பேர் வெளியேதான். ஒரு நாள் முந்தியோ பிந்தியோ கிளம்பினால் அந்தக் கும்பலிலிருந்து கழன்றுகொள்ளலாம்.

மொந்தமார்த்தா, கிரான்ஹா வரை சமவெளி. கிரான்ஹாவில் ஆல்பெர்கேயும் பாரும் ஒட்டியே இருப்பதால் சாவி தேடும் வேலை இல்லை. அடுத்து தாபரா, 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எஸ்லா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாறை ஏறி, தோப்புகளுக்குள் போகும் வழி. நடுவில் கடை கிடையாது, தண்ணீர் இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். தாபராவில் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடும் பழக்கம் உண்டு. ஊருக்கு மேற்கே தெரிவது குலெப்ரா மலைத்தொடர். 2022 ஜூன், ஜூலையில் இரண்டு பெருந்தீ அந்த மலையை எரித்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் வர நினைப்பவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம்.

சாந்தா மார்த்தா தெ தெராவில் தேவாலயத்தின் தெற்கு வாசலைப் பார்க்காமல் போகாதீர்கள். இந்த யாத்திரைக்குக் காரணமான புனிதர் சந்தியாகப்பரையே யாத்ரீகராகக் காட்டும் 12ஆம் நூற்றாண்டுச் சிலை அங்கே இருக்கிறது, தோளில் பையும் கையில் கோலுமாக. அடுத்த இரவு ரியோநெக்ரோ தெல் புவெந்தே. இந்தப் பாதையிலேயே எனக்குப் பிடித்த ஆல்பெர்கே அங்கேதான். தேவாலயத்துக்கு எதிரே கல் கட்டிடம். ஃபாலீஃபோஸ் என்ற பழைய பக்த சபை அதைப் பராமரிக்கிறது. யாத்ரீகர்களுக்குப் பாலமும் சத்திரமும் கட்டிக்கொடுப்பதுதான் அந்தச் சபையின் பழைய வேலை. கராகஸ் நகரத்தை நிறுவிய தியேகோ தெ லொசாதா பிறந்ததும் இந்தச் சிற்றூரில்தான் என்று சொன்னால் நம்ப முடியாது.

மொம்புவே சின்ன விடுதி. அஸ்தூரியானோஸில் ஊர் விளையாட்டுக் கூடத்தில் இடம். புவெப்லா தெ சனாப்ரியா கோட்டையுள்ள சுற்றுலா ஊர், வார இறுதியில் மத்ரீதுக்காரர்கள் வந்து குவிவார்கள். வெள்ளி, சனி இரவு அங்கே விழுமானால் முன்பதிவு செய்யுங்கள், அல்லது 12 கிலோமீட்டர் தள்ளி ரெகேஹோவுக்குப் போய்விடுங்கள். ரெகேஹோவுக்கு அப்புறம் பதோர்னேலோ கணவாய், 1,300 மீட்டருக்கு மேல். மே மாதத்தில்கூட அங்கே விறைக்கும். இரவில் லுபியான் ஆல்பெர்கேயில் தூக்கப்பை இல்லாமல் படுக்க முடியாது. மெல்லிய துணி உறை மட்டும் கொண்டுவந்தவர்கள் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு விடியும்வரை புரண்டுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் ஓஸ்தால் என்ற சாலையோர விடுதி இருந்து, அறை இல்லை என்கிறார்கள், ஆனால் வாசலில் ஒரு கார்கூட இல்லையா? மாலை ஏழுக்குப் பாருங்கள், வேன் வேனாகத் தொழிலாளர்கள் வந்து இறங்குவார்கள். சாலை வேலை, காற்றாலை வேலை நடக்கும் மாதங்களில் கம்பெனிகள் மொத்தமாக அறை எடுத்துவிடும். அதனால்தான் போன் பேசச் சொல்கிறேன்.

ஆ கான்தா கணவாயைத் தாண்டினால் கலீசியா. இங்கே விடுதி முறையே மாறிவிடும். மாநில அரசு நடத்தும் ஷுன்தா ஆல்பெர்கேக்கள், ஓர் இரவுக்கு 10 யூரோ, மதியம் ஒரு மணிக்குத் திறக்கும், தனி நபருக்கு முன்பதிவு கிடையாது, ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது. சுத்தமாக இருக்கும். அழகான சமையலறை இருக்கும், உள்ளே ஒரு பாத்திரம்கூட இருக்காது. இது கலீசியாவின் பழைய நகைச்சுவை. சைவர்கள் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு மடக்குக் கத்தி வைத்துக்கொள்வது நல்லது.

ஆ குடீஞ்ஞாவிலிருந்து லாசா வரைதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம். 35 கிலோமீட்டர், மலைமுகட்டோடு போகும் வழி, பார்க்கக் கண் கொள்ளாது. வழியில் வென்தா என்று தொடங்கும் குடியிருப்புகள் வரும், வரைபடத்தில் ஊர் போலத் தெரியும், உள்ளே போனால் நாலு வீடு, ஒரு நாய். கடையோ பாரோ இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். நடுவில் காம்போபெசெரோஸ் மட்டும்தான், சுமார் 20 கிலோமீட்டரில். ஒரே மூச்சில் 35 நடக்க முடியாது என்றால் அங்கே கட்டிலை இரண்டு மூன்று நாள் முன்பே பேசி வைத்துவிடுங்கள். இந்தப் பாதையில் முன்பதிவு கட்டாயம் என்று நான் சொல்வது இந்த ஓர் இரவுக்குத்தான்.

லாசாவில் ஆல்பெர்கே சாவி பார்க்காரரிடம் இருக்காது, ஊர்ப் பாதுகாப்புப் படை அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வாங்கவேண்டும். புரோதெக்சியோன் சிவீல் என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அந்த ஊரின் முகமூடித் திருவிழா நடக்கும். அப்போது கட்டில் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்து ஏறினால் அல்பெர்கெரீயா. அங்கே ஒரு பாரின் சுவரும் கூரையும் முழுக்க, யாத்ரீகர்கள் பெயர் எழுதிய சிப்பிகள் தொங்கும். பிறகு விலார் தெ பாரியோ, ஷுன்கெய்ரா தெ அம்பீயா, ஓரென்சே. இந்த மூன்றும் சுலபம்.

ஓரென்சேயிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறும். சாந்தியாகோ 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், சான்றிதழுக்கு வேண்டிய குறைந்தபட்ச தூரத்தை மட்டும் நடப்பவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். செயாவில் ரொட்டி வாங்குங்கள், விறகு அடுப்பு ரொட்டி, அந்த ஊர்ப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. அங்கிருந்து ஒன்பது பத்துக் கிலோமீட்டர் சுற்றிப் போனால் ஓசெய்ரா மடம், சிஸ்தர்சியத் துறவிகளுடையது. யாத்ரீகர்களை மடத்துக் கட்டிடத்திலேயே தங்க வைக்கிறார்கள். பெரிய கல் கூடம், கடும் குளிர். வசதி பார்ப்பவர்கள் செயாவிலிருந்து நேர் வழியில் போய்விடலாம். நான் ஓசெய்ராவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதுவும் தங்குமிடத்தோடு ஒட்டியது. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ நடந்து பழகியவர்கள் வழிநெடுக நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும் என்ற எண்ணத்தில் இருப்பார்கள். இங்கே அதெல்லாம் இல்லை. கடை மதியம் இரண்டுக்கு மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும், ஞாயிறு அன்று திறக்காது. பாருக்கு வாரம் ஒருநாள் விடுமுறை. மே 17 கலீசியாவில் அரசு விடுமுறை, அன்று கடையை நம்பாதீர்கள். எப்போதும் ஓர் இரவுக்கான சாப்பாடு பையில் இருக்கட்டும்: ரொட்டி, பாலாடைக்கட்டி, கண்ணாடிக் குப்பியில் விற்கும் வேகவைத்த கொண்டைக்கடலை, எலுமிச்சை. நம் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் பருப்புப்பொடி கொண்டுபோனால் அதன் அருமை மூன்றாம் நாள் தெரியும். பாரில் "சைவம்" என்று மட்டும் சொன்னால் பன்றி இறைச்சித் துண்டு போட்ட பருப்பு வரும். அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் சேராது. "சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ" (இறைச்சி, பன்றித்தொடை, மீன் எதுவும் இல்லாமல்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கலீசியக் கீரை சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து விசா எடுத்து வருவதானால் ஒரு சிக்கல்: ஷெங்கன் விண்ணப்பத்துக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள், ஆல்பெர்கேயோ பதிவுச் சீட்டுத் தராது. சமோரா, புவெப்லா, ஓரென்சே, சாந்தியாகோ ஆகிய நான்கு ஊர்களில் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்து, நடுவில் வரும் ஊர்களைத் தேதி வாரியாக எழுதி, இது நடைப்பயணம், இந்த விடுதிகளில் முன்பதிவு கிடையாது என்று ஒரு விளக்கக் கடிதம் சேர்த்துக் கொடுங்கள். வங்கி இருப்பும் தெளிவாக இருக்கவேண்டும். விசா வந்த கையோடு எல்லா அறைகளையும் ரத்து செய்துவிடாதீர்கள். மேலே சொன்ன வார இறுதிக் கூட்டத்துக்குப் புவெப்லா அறை உதவும்.

பயணத்தை 2027க்குத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்டு சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருவதால் அது புனித ஆண்டு. சனாப்ரேஸ் தாங்கும், சாந்தியாகோ நகரம் நிரம்பி வழியும். எந்த ஆண்டு போனாலும் சாந்தியாகோவில் இரண்டு இரவுகளை ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். நகரத்தை ஒட்டிய குன்றில் செமினாரியோ மெனோர் என்ற பழைய குருமடம் இருக்கிறது, இப்போது பெரிய ஆல்பெர்கே. பொதுக்கூடத்தோடு தனி அறைகளும் உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளும் தங்கலாம். தனி அறைகள்தான் முதலில் தீரும்.